பூ வெளிச்சம்

குண்டுமல்லியை வீட்டுக்குள் பூக்க வைக்க மனுஷர் என்னவெல்லாம் செய்வார்களோ அத்தனையையும் செய்து பார்த்துவிட்டேன். கவாத்து செய்தேன். இலையை உருவினேன். தண்ணீரை நிறுத்திச் செடியைக் காயப்போட்டு, அது சோர்ந்து தலை சாய்த்த பிறகு ஊற்றினேன். கடலைப் புண்ணாக்கு ஊறின தண்ணீர், வாழைப்பழத் தோல் ஊறின தண்ணீர், புளித்த மோர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்ததில் பால்கனியே நாறியது. செடி என்னவோ தளதளவென்றுதான் வளர்ந்தது. கிளைக்குக் கிளை இலை. மொட்டு மட்டும் ஒன்றுகூட வைக்கவில்லை.

பால்கனி என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். எங்கள் மருதம் வளாகத்தில் ஜன்னலைத் திறந்து பார்த்தவர் யாரும் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு காலத்தில் ஃபேன் கூடப் போடாமல் தூங்கினார்களாம்; இப்போது வெளியே அடிக்கிற வெயிலில் செடி ஒரு மத்தியானம் தாங்காது. அதனால் கறுப்புக் கண்ணாடி போட்டு மூடிய கட்டடம், வீட்டுக்கு ஒரு கண்ணாடி அறை, அதன் கூரையில் செடி விளக்கு. கீரை, தக்காளி, கறிவேப்பிலை, பூ எல்லாம் அந்த விளக்கின் தயவில்தான். கரண்ட் குறைவு, வீடுகள் அதிகம். எந்தச் செடிக்கு எவ்வளவு வெளிச்சம் என்று ஒரு இயந்திரம் பங்கு போடும். பங்கு போடுவதால் அதற்கு நாங்கள் வைத்த பெயர் பங்காளி. பெயர் வைத்தவர் யாரோ, நாக்கில் கரி இருந்திருக்கிறது.

என் பெயர் யாழினி. இப்போது இது கிழவிகளின் பெயராகிவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மறுபடி மாரப்பன், காளியம்மாள் என்று வைக்கிறார்கள். பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். மைதானத்தில் நின்றால் என் குரல் சுற்றுச்சுவரைத் தாண்டும். தலையில் நாலு மொட்டாவது வைக்காமல் அந்த மைதானத்தில் நான் கால் வைத்ததில்லை. வேர்வை நாற்றத்தோடு வேர்வை நாற்றமாக மல்லி மணக்கும். எனக்கு அது பிடிக்கும். அதற்கு வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

போன சித்திரையில் என் கணவர் கவின் இறந்துபோனார். காலை டீயைக் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்ததும் சொந்தக்காரிகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, இனிமேல் பூ கீ என்று ஆசைப்படாதே என்று ஜாடையாகச் சொன்னார்கள். கவினுக்காக நான் அழுதேன், இன்னும் அழுகிறேன். அதற்கு என் தலைமுடி என்ன பாவம் செய்தது? பூ வைப்பேன் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். ஆனால் வைக்கப் பூ இல்லை. கடையில் வருகிற பூ, ஏலக்காயைப் போல எண்ணி விற்கிற சாமான்; அது என்னைப் போன்றவர்களுக்கு இல்லை. செடி பூத்தால்தான் உண்டு. அது பூக்கவில்லை.

எல்லா வைத்தியமும் தோற்ற பிறகுதான் அண்ணாந்து விளக்கைப் பார்த்தேன். பிறகு நேராகத் தரைத்தளத்தில் இருக்கிற பராமரிப்பு ஆபீசுக்குப் போனேன்.

அங்கே இருந்தது மாரப்பன். முப்பது வயது இருக்கும், இதே வளாகத்தில்தான் அப்பா அம்மாவோடு குடியிருக்கிறான். பங்காளியை மேய்ப்பதுதான் அவன் வேலை. மரியாதையான பையன். என் வீட்டு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"விளக்குல பழுது ஒண்ணுமில்லைங்க டீச்சர். இலை வெளிச்சம் முழுசா வந்துட்டு இருக்குது. பூ வெளிச்சம்தான் இல்லைங்க."

"அதென்னப்பா, சோறு உண்டு, கொழம்பு கெடையாதுங்கற மாதிரி?"

"அப்படித்தானுங்க. நீல வெளிச்சம் இருந்தா செடி சாகாது, இலை உடும். மொட்டு வைக்கோணும்னா சிவப்பு வெளிச்சம் சேரோணும், நேரமும் நீளோணும். கரண்ட் ரொம்ப இழுக்கும். அதனால தேவைப்படற ஊட்டுக்குத்தான் பங்காளி குடுக்கும்."

"எனக்குத் தேவையில்லைன்னு அதுக்கு ஆரு சொன்னா?"

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். "உங்க ஊட்டுக்காரர் தவறிட்டாருங்களே..." என்று இழுத்தான்.

சொந்தக்காரிகளாவது ஜாடையாகச் சொன்னார்கள். அவர்கள் வாயை அடைக்க எனக்குத் தெரியும். கூரையில் தொங்குகிற ஒரு விளக்கு, எட்டு மாதமாக, ஒரு வார்த்தை பேசாமல், என் தலையிலிருந்து பூவை எடுத்திருக்கிறது. நான் மண்ணைக் குறை சொல்லிக்கொண்டு, மோரைப் புளிக்கவைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"எவன்டா அந்த விதியை எழுதுனது? அவனைக் கூப்பிடு!" என்றேன். அக்கம்பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"ஆருமே எழுதலைங்க டீச்சர், சத்தியமா. சாதி, மதம், கல்யாணம் எதையும் பாக்கக் கூடாதுன்னுதான் விதியே இருக்குது. இங்க குடியிருக்கறவங்க என்ன பண்றாங்கன்னு பாத்துப் பாத்து அதுவா கத்துக்கிச்சு. ஒரு ஊட்ல ஆம்பளை தவறினா, அந்த ஊட்ல பூப் பறிக்கறது நின்னு போயிடுது. பூ செடியிலயே காஞ்சு கொட்டிப் போகுது. கொட்டற பூவுக்கு எதுக்கு வெளிச்சம்னு நெனைக்குது."

"அந்தப் பொம்பளைங்க ஆசைப்பட்டா நிறுத்துனாங்க? மாமியாளும் நாத்தனாளும் நிறுத்த வெச்சாங்க. அது உன்ற மிசினுக்குத் தெரியுமா?"

"ஏன்னு அதுக்குத் தெரியாதுங்க. என்ன நடக்குதுன்னு மட்டுந்தான் தெரியும்."

"சரி, பொண்டாட்டி செத்த ஊட்டுக்கு?"

"அதுக்கும் குறையுமுங்க." தயங்கினான். "ஆனா, வருசம் திரும்பறதுக்குள்ள பெரும்பாலும் மறுபடி கூடிடுதுங்க."

பக்கத்து மேஜைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். போன தையில் இரண்டாம் கல்யாணம் செய்தவர் அவர்.

மாரப்பன் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னான். செடியைச் சாமி பேருக்கு மாற்றிவிட்டால் போதுமாம். பூசைத் தேவை என்று போட்டால் மறுகேள்வி இல்லாமல் பூ வெளிச்சம் வந்துவிடுமாம். எங்கள் வளாகத்தில் புருஷன் இல்லாத பெண்கள் பல பேர் அப்படித்தான் செய்திருக்கிறார்களாம்.

"முருகனுக்கு ரெண்டு பொண்டாட்டி இருக்காங்க, அவுங்க பாத்துக்குவாங்க" என்றேன். "நான் எனக்குன்னு கேக்கறேன். என்ற பேருக்கு, என்ற தலைக்கு. அப்படிப் போட அதுல எடம் இருக்குதா, இல்லையா?"

"அப்படி ஒரு தேவை அதுல இல்லைங்க டீச்சர்" என்றான் மாரப்பன். மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தான்.

மேலிடம் கிணற்றில் போட்ட கல். நான் காத்திருக்கவில்லை. என் எதிர்வீட்டுக் கனிஷ்கா என்னைவிட இளையவள், கவின் இருந்த காலத்திலிருந்து ஒட்டிப் பழகியவள். அவள் வீட்டில் அவளுடைய மல்லி கொத்துக் கொத்தாகப் பூத்துக்கொண்டிருந்தது. என் தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் செடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"உன்ற புருசன் புண்ணியத்துல என்ற செடியும் கொஞ்சம் வெளிச்சம் குடிக்கட்டும்டி" என்றேன்.

"அட, இதுக்குப் போயி கேக்கோணுமாங்க்கா. நம்மூடு மாதிரி வெச்சுக்கங்க" என்று அவளே தண்ணீர் ஊற்றினாள். அவள் கணவன் தரண் சோபாவில் சாய்ந்து பழைய கபடி ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு, மடியில் முறுக்குத் தட்டோடு, "வாங்க டீச்சர்" என்று கையை மட்டும் தூக்கினான்.

மாதம் திரும்பியது. மொட்டு வைத்தது. பச்சையாக, கடுகு அளவில் ஆரம்பித்து, நுனி வெளுத்து, ஒரு சாயங்காலம் விரலில் கிள்ளுகிற பருவத்துக்கு வந்துவிட்டது. நான் அதைப் பறித்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே லிஃப்டில் மேலும் கீழும் போய்வந்தேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள். ஒருத்தி நொடித்தாள். நான் அவளைப் பார்த்து நன்றாகச் சிரித்தேன். நான் மறுபடி நானாக இருந்தேன், அவ்வளவுதான்.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. மொட்டு வருவது குறைந்தது, பிறகு நின்றேபோனது. என் செடி மட்டுமில்லை, கனிஷ்காவின் செடியும் சேர்ந்து நின்றது. எதனால் என்று அவளிடம் கேட்கலாம் என்று ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால், என் தொட்டி வாசலில் உட்கார்ந்திருக்கிறது. அவள் கதவு சாத்தியிருக்கிறது.

தட்டினேன். கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள். கண்ணைப் பார்க்கவில்லை.

"தப்பா நெனைச்சுக்காதீங்க்கா. என்ற நாத்தனா வந்திருந்தா. பூத்துக் குலுங்கிட்டிருந்த செடி ஒட்டுக்கா நின்னுபோச்சேன்னு கேட்டா. உங்க தொட்டியைப் பாத்துட்டு, அந்த ஊட்டுச் செடியை எதுக்குடி உள்ள உட்டேன்னு..."

"என்ற ராசின்னு சொல்றியா?"

"நான் சொல்லலீங்க்கா. எனக்கும் புருசன் புள்ளைன்னு இருக்குது இல்லீங்களா. பயமா இருக்காதா?"

தொட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன். அவளுக்குப் பிரசவமானபோது ராத்திரி பகலாகப் பக்கத்தில் இருந்தது என் ராசிதான். அவள் பையனுக்குக் கபடி கற்றுக்கொடுத்ததும் என் ராசிதான். அன்றைக்கெல்லாம் கவின் உயிரோடு இருந்தார், அதனால் என் ராசி நல்ல ராசியாக இருந்தது போல.

மாரப்பனிடம் இந்த முறை நான் பூ கேட்கப் போகவில்லை. என் மேல் விழுந்த பழியைத் துடைக்கப் போனேன். அவன் மேஜைக்கு எதிரே நின்றேன்.

"உன்ற பங்காளிக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குது. புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கற ஊட்லயும் பூவை நிறுத்திப்போட்டுது. அது விளக்கோட கோளாறுதான், செடியோட ராசி இல்லைன்னு கனிஷ்கா ஊட்டுக்கு வந்து நீயே உன்ற வாயால சொல்லோணும். வா."

"இருங்க டீச்சர், பாக்கறேன்." தட்டினான். "ஆமாங்க, அவுங்க ஊட்லயும் பூ வெளிச்சம் நின்னிருக்குது. போன மாசமே குறைஞ்சிருக்குது. ஆனா எதுக்கு..." என்றவன் அப்படியே நின்றான். எதையோ திறந்தான், படித்தான், மூடினான். முகம் வெளுத்துப்போயிற்று.

"என்னப்பா?"

"டீச்சர், இத்தனை நாளா நானும் தப்பாத்தான் புரிஞ்சு வெச்சிருந்தனுங்க. பங்காளி சாவுப் பதிவைப் பாக்கறதே இல்லைங்க. அதுக்கு அந்தப் பதிவோட தொடர்பே குடுக்கலை."

"பொறகு எங்க ஊட்ல அவர் செத்தது அதுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"செத்தது தெரியாதுங்க." திரையைத் தொட்டுக் காட்டினான். "இன்னைக்கு விளக்குப் போட்டா மொட்டு வெச்சுப் பூவாக ஒண்ணரை மாசம் ஆகுமில்லீங்களா? அதனால இன்னைக்குப் பூ வேணுமான்னு அது கணக்குப் போடாது. ஒண்ணரை மாசங்கழிச்சு அந்த ஊட்டுக்குப் பூ வேணுமான்னுதான் போடும். முன்கூட்டியே தெரிஞ்சாத்தான் அதால பங்கு போட முடியும்."

"முன்கூட்டி எதை வெச்சுத் தெரிஞ்சுக்கும்?"

அவன் இடது கையைத் தூக்கி மணிக்கட்டைக் காட்டினான். அங்கே நலக்காப்பு இருந்தது. எங்கள் எல்லோர் கையிலும் அது உண்டு. குடிவரும்போதே மாட்டிவிடுவார்கள். நாடி, மூச்சு, தூக்கம், நெஞ்சுத் துடிப்பு எல்லாம் அதில் ஓடும். சாப்பாட்டுக்கு எவ்வளவு கீரை வேண்டும், குளிர் எவ்வளவு வேண்டும் என்று பார்க்கத்தான் அது என்று சொல்லியிருந்தார்கள்.

"எங்க ஊட்ல எப்ப நின்னுது?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மாசிக் கடைசியிலீங்க."

கவின் இறந்தது சித்திரையில்.

பங்குனி மாதம் முழுக்க அந்த மனுஷர் பால்கனியில்தான் கிடந்தார். அப்போதே மொட்டு நின்றிருந்தது; முதல் தடவை ஆபீசில் கத்தியபோது அது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. மொட்டு வரவில்லை என்று நான் முணுமுணுத்ததற்காக, பழைய பல்விளக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலையாகத் திருப்பித் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று தேய்த்தார். தொட்டியை இந்தப் பக்கம் நகர்த்துவார், அந்தப் பக்கம் நகர்த்துவார், மூச்சு வாங்கும், உட்காருவார். 'பூக்காமப் போயிருமா, நானாச்சு' என்பார். மண்தொட்டியைத் தூக்குகிற ஆளா அவர்? அவர் தலைக்கு நேர்மேலே எரிந்துகொண்டிருந்த விளக்குக்குத் தெரியும், இந்த ஆள் இருக்கப் போவதில்லை என்று. தெரிந்துகொண்டு அது செய்ததெல்லாம் கொஞ்சம் கரண்டை மிச்சம் பிடித்ததுதான்.

"ஒரு வார்த்தை!" என்று மேஜையில் அடித்தேன். "ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூட்டிட்டு ஓடியிருப்பனே! லிஃப்டுல எறங்குனா ஆஸ்பத்திரிடா!"

"அதுக்குச் சொல்லத் தெரியாதுங்க டீச்சர்." பையனுக்கு அழுகை வந்துவிட்டது. "அது டாக்டரு இல்லைங்க. வெளிச்சத்தைப் பங்கு போடறது மட்டுந்தான் அதோட வேலை. நெஞ்சுன்னு அதுக்குத் தெரியாது. இந்த மாதிரி துடிப்பு வந்த ஊட்ல பொறகு பூப் பறிக்கறதில்லைன்னு மட்டுந்தான் தெரியும்."

இன்னும் எவ்வளவோ சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் நான் எதற்கு அங்கே வந்தேன் என்பது உறைத்தது. கனிஷ்கா வீட்டில் போன மாதமே குறைந்திருக்கிறது. ஒன்றரை மாதம் என்றான்.

இந்த வயதில் நான் ஓடியது அன்றைக்குத்தான். கனிஷ்கா கதவைத் திறக்க யோசித்தாள். மைதானத்துக் குரலில் கத்தினேன், திறந்துவிட்டாள். தரண் அதே சோபாவில் அதே மாதிரி இருந்தான்.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எனக்கென்னங்க டீச்சர்? கல்லாட்டம் இருக்கேன்."

"அக்கா, எதுக்கு அபசகுனமாப் பேசறீங்க?" என்று கனிஷ்கா சீறினாள். "செடியைத் திருப்பிக் குடுத்த கோவத்தை இப்படியா காட்டறது?"

"உன்ற ஊட்டுச் செடி நின்னது என்ற ராசியால இல்லடி! இவனோட நெஞ்சால! விளக்குக்குத் தெரிஞ்சிருக்குது, நமக்குத்தான் தெரியலை!" சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்தேன். "என்ற ஊட்ல இப்படித்தான் நின்னுது. நாங்க மண்ணை மாத்துனோம், புண்ணாக்கு வெச்சோம். நான் பொய் சொன்னா நாளைக்கு என்னைச் செருப்பால அடி. இன்னைக்கு மட்டும் வந்துரு."

என்ன நினைத்தாளோ, முறுக்குத் தட்டைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு அவளே அவனை எழுப்பினாள். ஆஸ்பத்திரியில் சோதித்த டாக்டர், எப்படி நடந்து வந்தார் இவர் என்று கேட்டார். அன்றைக்கே அறுத்து அடைப்பை எடுத்தார்கள். தரண் பிழைத்தான். வெளியே பெஞ்சில் கனிஷ்கா என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவள் தலையைத் தடவிக்கொண்டே நான் கவினை நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் வளாகம் முழுக்கப் பரவியது. பிறகு நடந்த கூத்தைக் கேட்கவே வேண்டாம். வருடக்கணக்காகச் செடிப் பக்கம் திரும்பாத ஆண்கள் விடிந்ததும் விளக்குக்குக் கீழே போய் நின்றார்கள். மொட்டை எண்ணினார்கள். ஒரு மொட்டு உதிர்ந்தால் வீட்டில் ஒப்பாரி. பூச்சி விழுந்த செடிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் வரிசை நின்றது. ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களில் சிலருக்கு உண்மையாகவே கோளாறு இருந்தது, பிடித்தார்கள், காப்பாற்றினார்கள்.

வளாக நிர்வாகம் கூட்டம் போட்டது. தலைவர் சால்வையோடு வந்தார். "நமது வளாகத்தில் இனி எந்தப் பெண்ணும் பூவுக்காகக் கண் கலங்கக் கூடாது" என்று மைக்கில் முழங்கினார். எல்லா வீட்டுக்கும், யார் இருந்தாலும் இறந்தாலும், ஒரே அளவு பூ வெளிச்சம் என்று அறிவித்தார். கை தட்டினார்கள். சால்வையை எனக்குப் போர்த்தினார்கள். புருஷன் இல்லாத பெண்கள் சிலர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நான் கேட்டது அதுதானே?

எல்லாச் செடிக்கும் ஒரே வெளிச்சம் என்றானதும் ஆஸ்பத்திரி வரிசையும் குறைந்தது. சனங்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஒன்றரை மாதம் ஆனதும் என் செடி பூத்தது. என் வீட்டில், என் விளக்கின் கீழே. கிண்ணம் நிறையப் பறித்தேன். நெருக்கமாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தேன். வாசலில் சத்தம் கேட்டது. கனிஷ்கா.

"அக்கா, எங்கூட்லயும் பூத்துருச்சுங்க்கா! கீழ் ஊட்ல, மேல் ஊட்ல, ஒரு ஊடு பாக்கியில்லை. வந்து பாருங்க, மாடியெல்லாம் மணக்குது!"

போய்ப் பார்த்தேன். நடையின் இரண்டு பக்கமும் கண்ணாடி அறைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. எல்லா வீட்டிலும் பூ. பெண்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார்கள். உள்ளே அவரவர் வீட்டுக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பாதி நடையிலேயே திரும்பிவிட்டேன்.

நேரே ஆபீசுக்குப் போனேன். மாரப்பன் என் தலையைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"பூத்துருச்சுங்களா டீச்சர்! எங்கம்மாகூடச் சொன்னாங்க, எல்லாம் உங்களாலதான்..."

"விளக்கு எல்லா ஊட்லயும் ஒரே மாதிரி எரியுது. நல்லது" என்றேன். "பங்காளி கணக்குப் போடறதையும் நிறுத்திட்டீங்களா?"

சிரிப்பு குறைந்தது. "இல்லைங்க. கீரைக்கு, தக்காளிக்கெல்லாம் அந்தக் கணக்கு வேணுமுங்களே. அது ஓடிட்டுத்தான் இருக்கும். பூ விளக்குக்குப் போறதை மட்டும் துண்டிச்சிருக்கோம்."

"அப்ப எந்த ஊட்ல ஆரு போகப் போறாங்கன்னு அதுக்கு இப்பவும் தெரியும்."

"தெரியுமுங்க."

"முந்தியாவது செடி காட்டிக் குடுத்துது. இப்ப அதையும் பூவை வெச்சு மூடிட்டீங்க. எனக்குச் சால்வை வேற போத்துனீங்க."

"டீச்சர், மேல கேட்டனுங்க. தனி மனுசனோட ஒடம்பு விசயம், அந்தரங்கம், பாக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"ஆருகிட்டருந்து ஆரைக் காப்பாத்தறாங்களாம்? அவனவன் உசுரு அவனவனுக்கே அந்தரங்கமா?" என்றேன். "அதை உடு. பாக்கக் கூடாதுன்னு சொல்றியா, பாக்க முடியாதுன்னு சொல்றியா?"

அவன் திரையை என் பக்கத்திலிருந்து மெல்லத் திருப்பினான்.

"நீ பாத்தியா மாரப்பா?"

விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"தினமும் காத்தால வந்ததும்... எங்கூட்டை மட்டும் பாத்துக்குவேனுங்க. எங்கப்பாவுக்காக."

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவனைத் திட்டி என்ன செய்ய? பங்குனி மாதத்தில் அந்தத் திரை என் கையில் இருந்திருந்தால் நானும் முதலில் என் வீட்டைத்தான் பார்த்திருப்பேன். இரண்டாவதாகக் கனிஷ்கா வீட்டைப் பார்த்திருப்பேன். அங்கேயே நிறுத்தியிருக்கவும் மாட்டேன்.

நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அவன் அவசரமாக எழுந்து கதவைச் சாத்தப் போனான்.

"தொறந்தே கெடக்கட்டும். நாலு பேரு கேட்டா கேக்கட்டும்" என்றேன். "எங்க பிளாக்குல ஆரம்பி. கீழ் ஊட்ல இருந்து ஒவ்வொண்ணா, பேரைச் சொல்லிச் சத்தமாப் படி."